ஏழு இரவு, ஏழு சூனியக்காரிகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளில் பூசணிக்காய் மலைமலையாகக் குவிந்துவிடும். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ஜன்னலில் பஞ்சில் இழுத்த சிலந்தி வலை, கதவில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு கிழவியின் படம். மாதக் கடைசியில், 31ஆம் தேதி, ஹாலோவீன். குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வசூல் செய்வார்கள். மிட்டாய் வயது தாண்டியவர்களுக்கு வேறு சடங்கு: தினம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு திகில் படம் பார்ப்பது.

திகில் படத்தில் எத்தனையோ ரகம். ரத்தக் காட்டேரி, நடமாடும் பிணம், கத்தியோடு துரத்தும் முகமூடிக்காரன்... இதில் சூனியக்காரி மட்டும் தனி. அவள் பேய் இல்லை. செத்தவளும் இல்லை. உயிரோடு பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவள். பூனை வளர்ப்பாள், கொல்லையில் பச்சிலை வைத்திருப்பாள், யாராவது ஒன்று சொன்னால் திருப்பி இரண்டு சொல்வாள். தான் சூனியக்காரி என்பது அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஊருக்குத் தெரிந்தால் போதும்!

அதனால் சூனியக்காரிப் படம் எதை எடுத்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, அவள் நிஜமாகவே சூனியக்காரியா? இரண்டு, அப்படி என்று முடிவு செய்தது யார்? பல படங்கள் முதல் கேள்வியோடு கடையைக் கட்டிவிடும். சில படங்கள் மட்டும் இரண்டாவதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் ஏழு படங்களையும் அக்டோபர் 25இல் தொடங்கி இதே வரிசையில் பார்த்தால், சிரிப்பில் ஆரம்பித்து மெதுவாக அந்த இரண்டாவது கேள்விக்கு வந்து சேரலாம்.

(எச்சரிக்கை: ஆங்காங்கே கதை கொஞ்சம் வெளியே வரும். க்ளைமாக்ஸை முழுசாகப் போட்டு உடைக்கவில்லை, ஆனால் ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கலாம்.)

25: ஹோகஸ் போகஸ் (1993)

ஆரம்பம் லேசாக இருக்கட்டும். டிஸ்னி படம். 1693ஆம் ஆண்டு, சேலம். (மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலோரம் இருக்கும் சேலம்!) வினிஃப்ரெட், மேரி, சாரா என்று மூன்று சகோதரிகள். ஒரு சின்னப் பெண்ணின் உயிரை உறிஞ்சித் தாங்கள் இளமையாகிறார்கள். தடுக்க வந்த அண்ணனைக் கறுப்புப் பூனையாக்குகிறார்கள். ஊர் திரண்டு வந்து மூவரையும் தூக்கில் போடுகிறது. 300 வருஷம் கழித்து ஒரு ஹாலோவீன் ராத்திரி, வீம்புக்கு ஒரு பையன் மெழுகுவத்தியைப் பற்றவைக்க, மூவரும் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் ஒரே கூத்துதான். தார் ரோட்டைப் பார்த்துக் கறுப்பு ஆறு என்று பயப்படுகிறார்கள். சாத்தான் வேஷம் போட்ட ஒரு ஆசாமியை நிஜ எஜமானர் என்று நினைத்துப் பணிவிடை செய்கிறார்கள். துடைப்பம் திருட்டுப் போனதும் மேரி ஒரு வாக்குவம் கிளீனரில் ஏறிப் பறக்கிறாள்! பெட் மிட்லர், சாரா ஜெசிகா பார்க்கர், கேத்தி நஜிமி மூவரும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் நடித்திருக்கிறார்கள்.

ஹாலோவீன் கதையை ஜூலை 16ஆம் தேதி ரிலீஸ் செய்த புண்ணியவான் யாரோ! தியேட்டரில் படம் பெரிதாகப் போகவில்லை. பிறகு வருஷா வருஷம் அக்டோபரில் டிவியில் போட்டுப் போட்டே ஒரு தலைமுறையின் பண்டிகைப் படமாகிவிட்டது. 2022இல் இரண்டாம் பாகமும் வந்தது.

சிரித்து முடித்தபின் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தில் ஊர் சொன்னது சரி. அந்த மூன்று பேரும் நிஜமாகவே குழந்தையைக் கொன்றவர்கள். தூக்கில் போட்டது நியாயம். அப்படி இருந்தால்தான் இங்கே சிரிக்க முடியும்.

நிஜ சேலத்தில் நடந்தது வேறு. 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் நீதிமன்றத்தில் குற்றம் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. அவர் மேல் பாறாங்கற்களை அடுக்கி நசுக்கியே கொன்றார்கள். இன்னும் குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே செத்தார்கள். சினிமாவில் அடிக்கடி காட்டுவது போல சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி அங்கே தண்டனை தூக்குதான். அந்த 19 பேரில் ஒருத்தரும் யாரையும் பூனையாக்கவில்லை.

26: தி விஸார்ட் ஆஃப் ஆஸ் (1939)

பச்சை முகம், கொக்கி மூக்கு, கறுப்புக் கூம்புத் தொப்பி, கீறலான சிரிப்பு. சூனியக்காரி என்றதும் உலகம் முழுக்க மனதில் வருகிற உருவம் இந்தப் படம் கொடுத்தது. எல். ஃப்ராங்க் பாம் 1900இல் எழுதிய மூலக்கதையில் மேற்குத் திசைச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண், ஆனால் பச்சைத் தோல் கிடையாது. கலர் படம் புதுசாக வந்த காலம். டெக்னிகலர் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டுமே! கதையில் வெள்ளியாக இருந்த செருப்பு சிவப்பானதும், அவள் முகம் பச்சையானதும் அப்படித்தான்.

அந்த வேஷம் போட்டவர் மார்கரெட் ஹாமில்டன். நடிக்க வருவதற்கு முன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவர். படத்தில் புகையும் நெருப்புமாக அவர் மறையும் காட்சியை எடுக்கும்போது, தரைக்குள் முழுசாக இறங்குவதற்கு முன்பே நெருப்பு வந்துவிட்டது. முகத்திலும் கையிலும் தீக்காயம். பச்சைச் சாயத்தில் செம்பு கலந்திருந்ததால் அந்த வலியோடு முகத்தைத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் போல ஓய்வு. திரும்பி வந்தபோது ஒரே நிபந்தனை: இனிமேல் நெருப்புப் பக்கம் போகமாட்டேன்.

மொத்தப் படத்தில் அவர் வருவது பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கும். அதற்கே குழந்தைகள் பல காலம் அவரை நிஜ வாழ்க்கையிலும் பார்த்து நடுங்கினார்கள். 1975இல் 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்ற சிறுவர் நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சாதாரணப் பாட்டியாக வந்து உட்கார்ந்து, பாவாடை, மேலங்கி, தொப்பி என்று ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டி, இது வெறும் வேஷம் கண்ணுகளா என்கிற மாதிரி விளக்கினார். அடுத்த வருஷமே 'செஸமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் சூனியக்காரியாகவே வந்தார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோரிடமிருந்து புகார் குவிந்ததில், அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. வேஷம் அவ்வளவு கச்சிதம்!

படம் இன்றைக்கும் அழகு. ஆனால் ஒரு காட்சியைக் கவனிக்கலாம். நல்ல மந்திரக்காரியான க்ளிண்டா, கெட்ட சூனியக்காரிகள் மட்டும்தான் அவலட்சணமாக இருப்பார்கள் என்று சிறுமி டோரத்திக்கு விளக்குவாள். முகத்தைப் பார்த்தே தீர்ப்பு! இந்த ஒரு நெருடலை வைத்துத்தான் 1995இல் கிரெகரி மக்வைர் 'விக்கெட்' என்ற நாவலில் அந்தப் பச்சை முகக்காரியின் தரப்பை எழுதினார். பாமின் முதலெழுத்துகளிலிருந்து அவளுக்கு எல்ஃபபா என்று பெயரும் வைத்தார். 2003இல் அது பிராட்வே நாடகமானது, 2024இல் சினிமாவாகவும் வந்தது. பெயரே இல்லாமல் இருந்தவளுக்கு ஒரு பெயர் கிடைக்க 95 வருஷம்.

27: கிகிஸ் டெலிவரி சர்வீஸ் (1989)

நடுவில் ஒரு நாள் இளைப்பாறல். ஜப்பானின் ஹயாவோ மியாசாகி எடுத்த கார்ட்டூன் படம். எய்கோ கடோனோ 1985இல் எழுதிய கதை. இதில் சூனியம் என்பது குடும்பத் தொழில், அவ்வளவுதான். பதின்மூன்று வயதானால் ஒவ்வொரு பெண்ணும் வீட்டைவிட்டுக் கிளம்பி, வேறொரு ஊரில் ஒரு வருஷம் தனியாகப் பிழைத்துக் காட்ட வேண்டும். கிகி தன் கறுப்புப் பூனை ஜிஜியோடு கிளம்புகிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை துடைப்பத்தில் பறப்பது. அதை வைத்து ஒரு பேக்கரியில் தங்கிக்கொண்டு பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஆரம்பிக்கிறாள்.

வில்லன் கிடையாது. சண்டை கிடையாது. நடுவில் ஒரு நாள் கிகிக்குப் பறக்க வரவில்லை. பூனை பேசுவதும் புரியவில்லை. யாரும் சபிக்கவில்லை. களைத்துவிட்டாள், அவ்வளவுதான். வேலை, தனிமை, நன்றி சொல்லாத வாடிக்கையாளர்கள். ஹாஸ்டலில் முதல் வருஷம் தங்கிப் படித்தவர்களுக்கு அந்த இருபது நிமிஷம் தங்கள் கதையாகவே தோன்றும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி, தெரிந்த பாடமே மறந்துபோய் வெறிக்கிற மாதிரி...

இந்த ஏழு படங்களில் ஊரும் சூனியக்காரியும் சண்டையில்லாமல் வாழ்கிற ஒரே படம் இதுதான். ஒரு போலீஸ்காரர் வந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கிகியைத் திட்டுவார். சூனியக்காரியின் மேல் அந்த ஊர் சாட்டும் அதிகபட்சக் குற்றமே அதுதான்!

28: ப்ராக்டிகல் மேஜிக் (1998)

சாண்ட்ரா புல்லக், நிக்கோல் கிட்மன் அக்கா தங்கை. ஓவன்ஸ் குடும்பத்துப் பெண்களை எந்த ஆண் காதலித்தாலும் அவன் செத்துப்போவான் என்று பரம்பரைச் சாபம். ஆலிஸ் ஹாஃப்மன் 1995இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. விமர்சகர்கள் அந்தக் காலத்தில் இதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். காதல் படமா, திகில் படமா, குடும்பப் படமா என்று படத்துக்கே தெரியாது என்றார்கள். உண்மைதான். அதற்காகப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் பார்ப்பவருக்குத்தான்.

முதல் காரணம் அந்த வீடு. கடலைப் பார்த்தபடி வெள்ளை வெளேரென்று, கண்ணாடிக் கூடத்தோடு... வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தீவில் படத்துக்காகவே கட்டி, முடிந்ததும் இடித்துவிட்டார்கள். இரண்டாவது காரணம் இரண்டு அத்தைகள். ஸ்டாக்கர்ட் சானிங்கும் டயான் வீஸ்ட்டும். காலைப் பலகாரத்துக்கே சாக்லேட் கேக் கொடுக்கும் அத்தைகள் யாருக்கு வாய்க்கும்?

மூன்றாவது காரணம் ஊர். படத்தின் தொடக்கத்தில் அந்தச் சிறுமிகள் தெருவில் நடந்தால் மற்றப் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதே பெரியவர்கள் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக வந்து அத்தைகளிடம் காதல் மந்திரம் கேட்கிறார்கள்! பகலில் கல், ராத்திரியில் காசு. கடைசியில் தங்கையைக் காப்பாற்ற ஆட்கள் தேவைப்படும்போது, அக்கா ஊர்ப் பெண்களுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறாள்: ஆமாம், நான் அதுதான். அவர்கள் தங்கள் வீட்டுத் துடைப்பங்களை எடுத்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள். நம்ப முடியாத காட்சிதான். இருந்தாலும் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். ஊர் திருந்தும் என்று நம்ப ஆசைப்படுகிற படம்.

29: தி விட்ச் (2015)

இனிமேல் விளக்கை எரியவிட்டே பார்க்கலாம்.

ராபர்ட் எக்கர்ஸின் முதல் படம். 1630களின் நியூ இங்கிலாந்து. மத விஷயத்தில் பிடிவாதம் பிடித்த ஒரு தகப்பனைக் குடும்பத்தோடு குடியிருப்பிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்கள். காட்டோரமாகக் குடிசை போடுகிறார்கள். ஒரு நாள் மூத்த மகள் தாமஸின் கைக்குழந்தைக்குக் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருக்கிறாள். கையை எடுத்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

அங்கிருந்து அந்தக் குடும்பம் நூல் நூலாகப் பிரிகிறது. மக்காச்சோளம் பூசணம் பிடித்துப்போகிறது. பசி. அம்மாவின் வெள்ளிக் கோப்பையைத் தகப்பன் திருட்டுத்தனமாக விற்றுவிட்டு, மகள் தொலைத்துவிட்டாள் என்று அம்மா திட்டும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். தம்பி தங்கையான இரட்டைப் பிள்ளைகள் ஒரு கறுப்புக் கிடாவோடு பேசுகிறார்கள். தாமஸின் எரிச்சலில் தங்கையை மிரட்ட, நான்தான் சூனியக்காரி என்று விளையாட்டுக்குச் சொல்லிவைக்கிறாள். அந்த ஒரு வார்த்தை பிற்பாடு அவள் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது.

இந்தப் படத்தில் காட்டுக்குள் சூனியக்காரி நிஜமாகவே இருக்கிறாள். எக்கர்ஸ் அதில் ஒளித்து விளையாடவில்லை, சீக்கிரமே காட்டிவிடுகிறார். ஆனால் பயம் அங்கிருந்து வருவதில்லை. ஐந்தாறு பேர் ஒரே அறையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யார் யார் என்று கேட்டுக்கொள்கிறார்களே, அங்கிருந்துதான் வருகிறது. வசனங்களில் நிறைய அந்தக் காலத்து நாட்குறிப்புகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் எடுத்ததாகப் படத்தின் முடிவில் எழுத்துப் போடுகிறார்கள். ஆங்கிலம் புரிந்தவர்களுக்கும் சப்டைட்டில் அவசியம். தாமஸினாக வரும் ஆன்யா டெய்லர்-ஜாய்க்கு இந்தப் படம் பெரிய திருப்பம்.

தாமஸின் கடைசியில் எடுக்கும் முடிவை இங்கே சொல்லக்கூடாது. சொந்த வீடே அவளை அப்படித்தான் என்று தீர்மானித்தபின் அவளுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று யோசித்துக்கொண்டே தூங்கப் போகலாம்.

30: ஹாக்ஸன் (1922)

நூறு வருஷத்துக்கு முந்தின ஊமைப்படம். பெயருக்கு ஸ்வீடிஷ் மொழியில் சூனியக்காரி என்றே அர்த்தம். எடுத்தவர் டென்மார்க்கின் பெஞ்சமின் கிறிஸ்டென்சன். படத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு வரும் சாத்தானும் அவரேதான்! அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்ட படம், அதனால் காசில்லாமல் பார்க்கலாம். 1968இல் எழுத்தாளர் வில்லியம் பரோஸ் குரலோடு சுருக்கி வந்த பிரதியும் உண்டு. முதல் தடவை பார்ப்பவர்கள் பழைய முழுப் பிரதியையே பார்க்கலாம்.

முதல் பாகம் லெக்சர் மாதிரி இருக்கும். பழைய ஓவியங்கள், ஒரு குச்சியை வைத்துச் சுட்டிக்காட்டி விளக்கம். தூக்கம் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருவது மறக்காது. ஒரு வீட்டில் குடும்பத் தலைவன் நோயில் கிடக்கிறான். யாரோ சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று முடிவாகிறது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு கேட்டு வருகிறாள் மரியா என்ற ஏழை நெசவுக் கிழவி. பிடித்துக் கொடுக்கிறார்கள். பாதிரிகள் சித்திரவதை செய்கிறார்கள். வலி தாங்காமல் அவர்கள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொள்கிறாள். சாத்தானோடு விருந்து சாப்பிட்டேன், பிள்ளை பெற்றேன்... கூட யார் யார் இருந்தார்கள் என்று அடுத்த கேள்வி. கிழவி தன்னைக் காட்டிக்கொடுத்த அதே வீட்டுப் பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறாள்!

பார்க்கிறவர் ஒரு நொடி சபாஷ் போடுவார். அடுத்த நொடியே உறைக்கும். அந்தப் பெண்களையும் இதே பெஞ்சில் கட்டுவார்கள். அவர்களும் பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்க்காரர்களும் சொல்வார்கள். இது நிற்பதற்கு வழியே இல்லை. ஐரோப்பாவில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 40 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரம் பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெண்கள். இத்தனை பேர் எப்படி என்று தோன்றுகிறவர்களுக்கு மரியா கிழவியின் அந்தக் காட்சி பதில் சொல்லிவிடும். சூனியக்காரி எங்கேயோ காட்டில் பிறக்கவில்லை. விசாரணை மேஜையில் தயாரானாள்.

31: ஐ ஆம் நாட் எ விட்ச் (2017)

ஹாலோவீன் ராத்திரிக்கு ஏன் இந்தப் படம் என்று கேட்கலாம். இதில் துடைப்பம் இல்லை, பூனை இல்லை, கொப்பரை இல்லை. சாம்பியா நாட்டில் வெயில் காயும் ஒரு கிராமம். எட்டு ஒன்பது வயசுச் சிறுமி ஒருத்தி. ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு தடுக்கி விழுகிறாள். அந்தச் சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், சூனியக்காரி! போலீஸ் ஸ்டேஷனில் ஒருவன் வந்து, இவள் என் கையை வெட்டினாள் என்று புகார் கொடுக்கிறான். கை இரண்டும் முழுசாக இருக்கிறதே என்று பார்த்தால், வெட்டியது கனவிலாம்! பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிறுமி மட்டும் சிரிப்பதில்லை.

அவளைச் சூனியக்காரிகள் முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே எல்லாம் வயதான பெண்கள். ஒவ்வொருவர் முதுகிலும் நீளமான வெள்ளை ரிப்பன், அதன் மறுமுனை ஒரு பெரிய உருளையில். பறந்து ஓடிவிடக் கூடாதாம். ரிப்பனை அறுத்தால் ஆடாக மாறிவிடுவாய் என்று சிறுமிக்குச் சொல்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து போட்டோ எடுக்கிறார்கள். பகலில் அந்தப் பெண்களை லாரியில் ஏற்றி வயல் வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள். சிறுமிக்கு ஷூலா என்று பெயர் வைத்து அன்பாகப் பார்த்துக்கொள்வது அந்தக் கிழவிகள்தான்.

இயக்குநர் ருங்கானோ நியோனி லுசாகாவில் பிறந்து வேல்ஸில் வளர்ந்தவர். கானாவில் நிஜமாக இருக்கும் இப்படிப்பட்ட முகாமுக்குப் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு எழுதிய கதை. 2018இல் சிறந்த அறிமுகத்துக்கான பாஃப்டா விருது கிடைத்தது. ரிப்பன் மட்டும் அவருடைய கற்பனை. மற்றது எதுவும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சூனியக் குற்றச்சாட்டால் நடக்கும் கொடுமைகளைக் கண்டித்து ஐ.நா. மனித உரிமைக் குழு தீர்மானம் போட்டது 2021இல். இந்தியாவிலும் பீகார் 1999இல் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது, ஜார்க்கண்ட் 2001இல். தேவை இல்லாமலா சட்டம் போடுவார்கள்?

'ஹோகஸ் போகஸ்' பார்த்து ஏழாவது நாள் இதைப் பார்க்கும்போது, அதே வார்த்தை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று புரியும். அங்கே வேஷம். இங்கே ஒரு குழந்தையின் விலாசம்.

ஒரு பாக்கி

'தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999), 'தி க்ராஃப்ட்' (1996), 'சஸ்பீரியா' (1977) எல்லாம் எங்கே என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். ஏழு ராத்திரிக்கு ஏழுதான்! நவம்பரில் தொடரத் தடையில்லை. ஆர்தர் மில்லர் தன் நாடகத்துக்குத் தானே திரைக்கதை எழுதிய 'தி க்ரூசிபிள்' (1996) படத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். 1953இல் அந்த நாடகத்தை எழுதியபோது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்தது. 1956இல் மில்லரையே விசாரணைக் குழு கூப்பிட்டு, கூட்டத்தில் கூட யார் இருந்தார்கள் என்று கேட்டது. மரியா கிழவியிடம் கேட்ட அதே கேள்வி! அவர் பெயர் சொல்ல மறுத்தார். அதற்காக அடுத்த வருஷம் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1958இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

கடைசியாக, படத்தில் வராத ஒரு சூனியக்காரி. பெயர் எலிசபெத் ஜான்சன். சேலத்துக்குப் பக்கத்தில் ஆண்டோவர் என்ற ஊர். 1692இல் அவளுக்கு 22 வயசு. விசாரணையில் தான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டாள். 1693இல் மரண தண்டனை விதித்தார்கள். கவர்னர் தண்டனையை நிறுத்திவைத்ததால் உயிர் பிழைத்தாள். 77 வயசு வரை வாழ்ந்தாள். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. மற்றவர்களின் பெயர்களையெல்லாம் 1711இல் தொடங்கிப் பல தவணையாக அரசாங்கம் குற்றத்திலிருந்து நீக்கியது. 2001இல்கூட ஐந்து பெயர்களைச் சேர்த்தது. தன் பெயரையும் நீக்கச் சொல்லி அவளே மனுப் போட்டிருந்தும் அவள் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. அவளுக்காகக் கேட்க வாரிசு யாரும் இல்லை.

முந்நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நார்த் ஆண்டோவரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். பள்ளியில் குடிமையியல் பாடத்துக்காக எடுத்துக்கொண்ட வேலை. பழைய ஆவணங்களைத் தேடினார்கள், அரசியல்வாதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், மாநில செனட்டர் ஒருவரைப் பிடித்தார்கள். 2022 ஜூலையில் மாசசூசெட்ஸ் அரசு எலிசபெத் ஜான்சனைக் குற்றமற்றவள் என்று அறிவித்தது. சேலம் வழக்குகளில் தண்டிக்கப்பட்டுக் கடைசி வரை கறையோடு இருந்த பெயர் அது. துடைத்தவர்கள் பதின்மூன்று பதினாலு வயசுப் பிள்ளைகள், கிகியின் வயசு!

அந்தச் சேலத்தில் மக்கள்தொகை 44 ஆயிரம் சொச்சம். 2023 அக்டோபர் மாதம் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போனார்கள், முக்கால்வாசிப் பேர் தலையில் கூம்புத் தொப்பியோடு. ஊர் நடுவில் டிவி சூனியக்காரி ஒருத்தி துடைப்பத்தில் உட்கார்ந்து சிரிக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது, 2005இல் வைத்தது. கொஞ்சம் நடந்தால், 1692இல் கொல்லப்பட்ட இருபது பேரின் பெயர்களைச் செதுக்கிய கல் பெஞ்சுகள், 1992இல் வைத்தவை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

31ஆம் தேதி ராத்திரி அங்கே ஏதோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அட்டைத் தொப்பியும் பச்சை முகமுமாக ஒரு வாண்டு நிற்கும். ஒரு கைப்பிடி மிட்டாய் கூடவே போடலாம். அடுத்த அக்டோபர் வந்ததும் மறுபடி 'ஹோகஸ் போகஸ்' ஓடும். வாக்குவம் கிளீனர் காட்சிக்கு நிச்சயம் மறுபடியும் சிரிப்பு வரும். தொடக்கத்தில் வரும் அந்தத் தூக்குமரக் காட்சிக்கும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.